படத்தில் விழுந்த பேய்

கர்த்தாகோவில் மூடுபனிக்கு வேறு வேலை கிடையாது. எரிமலைச் சரிவிலிருந்து மெதுவாக இறங்கி வரும், உருளைக்கிழங்குப் பாத்திகளை மூடும், மாடுகளை மூடும், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே ஏறிப் போய்விடும். அன்று காலை ஒடிலி தன் கணவர் ஓல்மனோடு பழைய பிக்கப் வண்டியில் மலையிலிருந்து டவுனுக்கு இறங்கியபோது பனியும் கூடவே இறங்கியது. வண்டிக்கு முன்னால் நாலு முழத்துக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஓல்மனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, வாயில் விசில், ஒரு கையில் ஸ்டீரிங், இன்னொரு கையில் மக்காச்சோள அடை.

"முட்டிய ஒரு படம் எடுக்கப் போறாங்க. அதுக்கு எதுக்கு ராத்திரி பூரா முழிச்சிருந்தீங்க?" என்றார்.

"நான் எங்க முழிச்சிருந்தேன்? உங்க குறட்டைதான் முழிச்சிருந்தது."

அந்த மலையில் எல்லாரும் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார்கள். கட்டின பெண்டாட்டியை, பெற்ற பிள்ளையை, வாசலில் கட்டிக் கிடக்கும் நாயைக்கூட. 'கொஞ்சம் நகருங்க, மிதிச்சிடப் போறேன்' என்று நாயிடம் சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். மரியாதை கொடுத்துத் திட்டினால்தான் திட்டு ஆழமாக இறங்கும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஒடிலி தூங்காமல் இருந்ததற்குக் காரணம் முட்டிவலி இல்லை. வலி பழகிப்போன விருந்தாளி, அதற்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்ப்பாள். காரணம் வேறு. அதை ஓல்மனிடம் சொல்லவும் முடியாது.

ஆகஸ்ட் பிறந்தால் நாடே கர்த்தாகோவுக்கு நடந்து வரும். அங்கே கோயிலில் இருக்கும் மாதா ஒரு சாண் உயரம்கூட இல்லாத கறுப்புக் கல். ஊர் செல்லமாக நெக்ரீத்தா என்று கூப்பிடும், நம் வாயில் கறுப்பி. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கோயில் வாசலிலேயே முட்டி போட்டு, பீடம் வரைக்கும் முழங்காலாலேயே ஊர்ந்து போவார்கள். ஒடிலி ஒரு ஆகஸ்டைக்கூடத் தவறவிட்டதில்லை. போன வருஷம் பாதி வழியில் கண் இருட்டி, யாரோ ஒரு பெண் தோள் கொடுத்துத்தான் பீடம் சேர்ந்தாள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், காற்று அடிக்கும் நேரத்தில் முகமூடியும் கட்டாமல் ஓல்மன் வயலுக்கு மருந்து அடித்தார். 'மூக்கைக் கட்டினா மூச்சு முட்டுது' என்று வீறாப்பு. மத்தியானம் வாயில் நுரை தள்ளி, உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒடிலியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அவள் அந்த வராந்தாவிலேயே சுவரைப் பார்த்து நின்று கறுப்பியிடம் பேரம் பேசினாள். 'இவரை எனக்குத் திருப்பிக் கொடுங்க. நான் உயிரோட இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் வாசல்ல இருந்து உங்க காலடி வரைக்கும் முட்டியாலயே வர்றேன்.' மறுநாள் சாயங்காலம் ஓல்மன் கண்ணைத் திறந்து, காப்பி கேட்டார், அதில் சர்க்கரை குறைவு என்று குறையும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் சொல்லிவரும் கதை வேறு. 'உருளைக்கிழங்கு தின்னு வளர்ந்த உடம்பு. அவ்வளவு லேசுல போயிடுமா?' என்று கடைத்தெருவில் மார்தட்டுவார். அவள் ஊர்ந்து போவது அவருக்குத் தெரியும், யாருக்காக என்பது தெரியாது. ஒடிலி வாயைத் திறந்ததில்லை. யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவரிடமே சொல்லிவிட்டால் நேர்ச்சையின் பலம் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. கடனை நிறுத்தினால், கொடுத்ததைக் கறுப்பி திருப்பி வாங்கிக்கொள்வாள் என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை.

இப்போது எலும்பு டாக்டர் ஒரு குண்டைப் போட்டிருந்தார். "எக்ஸ்ரேயில எலும்பு மட்டும்தான் தெரியும். நடுவுல இருக்கற ஜவ்வு எவ்வளவு மிச்சம்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியும். கொஞ்சமாவது இருந்தா ஊசி, உடற்பயிற்சின்னு ஓட்டலாம். சுத்தமா இல்லன்னா மூட்டை மாத்தி உலோகம் வைக்கணும். வச்ச பிறகு முட்டி போட்டு ஊர்ற வேலையெல்லாம் மறந்துடணும்."

ஆக, அந்தப் படம் சொல்லப்போவது அவள் முட்டியைப் பற்றி இல்லை. ஓல்மன் இருப்பாரா போவாரா என்பதைப் பற்றி. அந்த மனிதரோ பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டிருந்தார். ஒடிலி அவருடைய தடித்த கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. அறையில் இருந்தவன் மினோர். ஒல்லியான ஆள், வாய் மட்டும் ஓயாது. பெரியவர்களை டோன், டோன்யா என்று மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். "வாங்க டோன்யா ஒடிலி. தோடு, மோதிரம், கொண்டை ஊசி எல்லாத்தையும் கழட்டிடுங்க. இந்த மெஷின் பெரிய காந்தம். இரும்பைக் கண்டா விடாது, என் மாமியார் மாதிரி" என்றான். அவளைப் படுக்க வைத்து, வலது முழங்காலை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சு மெத்தை செருகினான். காதில் கனத்த ஹெட்போன் மாட்டினான். "கால்தான் உள்ள போகும். தலை வெளிய இருக்கும், பயப்படாதீங்க. முட்டி மட்டும் அசையவே கூடாது. ஜவ்வு ஒரு நகத்து கனம்தான் இருக்கும். நீங்க இம்மி அசைஞ்சாலும் படம் போச்சு."

கதவு மூடியது. முதலில் டக், டக், டக் என்று யாரோ பக்கத்து அறையில் ஆணி அடிப்பது போல. பிறகு தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போல. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே தாளம். ராத்திரி வராத தூக்கம் அந்த இரைச்சலுக்கு நடுவே, கூப்பிடாமலே வந்து ஒடிலியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அந்தத் தாளம் முழங்கால்களின் தாளமாக மாறியது. கோயிலுக்குள் பனி நிறைந்திருந்தது. பெஞ்சுகள் இருக்கும் இடத்தில் உருளைக்கிழங்குப் பாத்திகள், வெள்ளைப் பூவும் ஊதாப் பூவுமாக. ஒடிலி முட்டியால் ஊர்ந்து போனாள். வலிக்கவில்லை. தரை ஈர மண்ணைப் போல அவளுக்கு விட்டுக்கொடுத்தது. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் ஊர்ந்தார்கள், முகம் தெரியவில்லை, முட்டிகள் மட்டும் நிலவு மாதிரி மினுங்கின. தூரத்தில் பீடம். அதில் கறுப்பி இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓல்மன் படுத்திருந்தார், மீசை முழுக்க நுரை. அவள் ஒரு அடி வைத்தால் கட்டில் ஒரு அடி பின்னால் போனது. கட்டிலுக்குப் பின்னால் சுவர் கிடையாது, வெறும் பனிதான். கட்டில் அதற்குள் மெல்ல இறங்கத் தொடங்கியது. "இருங்க, இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு அவள் காலை உந்தினாள்.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மாவிடம் மினோர் சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"டாக்டர், படம் பூரா பேய் விழுந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா நிக்குது."

ஒடிலி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டார்கள். தூக்கத்தில் தான் கண்டதை இந்த மெஷின் படம் பிடித்துவிட்டது.

"தம்பி" என்று கூப்பிட்டாள். "அந்தப் பேய்க்கு மீசை இருக்கா?"

"என்னது?"

"மீசை. நல்லா அடர்த்தியா, ஓரம் நரைச்சு."

மினோர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சு மறந்து நின்றான். உள்ளே வந்த டாக்டர் யென்ட்ரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் ஒடிலியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். மூட்டுத் தேய்மானத்தைப் படத்தில் அளப்பதையே தன் ஆராய்ச்சியாக வைத்திருக்கும் பெண். நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசுகிற ரகம்.

"எங்க தொழில்ல அதுக்குப் பேரே பேய்தான், டோன்யா ஒடிலி. கால் அசைஞ்சா ஒரு முட்டி பத்து முட்டியா நிழல் நிழலா விழும். வேற ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த திரையை மினோரை விட்டுத் திருப்பிக் காட்டினார்.

சாம்பல் நிறப் பனிக்குள் முழங்கால்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, மங்கி மங்கி, முகம் தெரியாத கூட்டம் ஊர்ந்து போவது போல. டாக்டர் என்ன விளக்கம் சொன்னாலும் சரி, ஒடிலி நேரில் பார்த்துவிட்டு வந்த கூட்டம் அது. அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுபடி படுக்க வைத்தார்கள். கால் நடுங்கியது. பஞ்சை இறுக்கினார்கள், போர்வை போட்டார்கள், நடுக்கம் நிற்கவில்லை. "கூட யாராவது வந்திருக்காங்களா? பக்கத்துல உட்கார்ந்தா தைரியமா இருக்கும்" என்றார் டாக்டர் யென்ட்ரி.

ஓல்மனை உள்ளே கொண்டுவருவது ஒரு தனித் திருவிழாவாகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றினார். சாவி, சில்லறை, பேனாக்கத்தி, ஆணி நாலு, ஒரு நட்டு. "வயல்ல இருந்து நேரா வர்றீங்களா, இல்ல கடைய சுருட்டிக்கிட்டு வர்றீங்களா?" என்றான் மினோர். கையில் இருந்த சோதனைக் கருவி அவர் கழுத்துப் பக்கம் போனதும் கீச்சென்றது. சட்டையைத் தடவினான், ஒன்றும் இல்லை. மறுபடி கீச்.

படுத்திருந்த இடத்திலிருந்து ஒடிலி மெல்லிய குரலில் சொன்னாள். "காலருக்குள்ள பாருங்க. நெக்ரீத்தா படம் போட்ட சின்ன டாலர். நான்தான் தைச்சு வச்சேன்."

ஓல்மன் திரும்பிப் பார்த்தார். "இந்தச் சட்டையிலயா?"

"எல்லாச் சட்டையிலயும்."

"அதான் கழுத்து அரிச்சுக்கிட்டே இருக்கா! சோப்பை மாத்தினேன், சலூனை மாத்தினேன்..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். சட்டையைக் கழற்றி மினோரிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியோடு அவள் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு ஹெட்போன். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை மண்வெட்டிக் காம்பு போலச் சொரசொரப்பாக, சூடாக இருந்தது. போகப்போகிற மனிதரின் கை இவ்வளவு சூடாக இருக்குமா என்று நினைத்ததுமே அவள் கண் நிறைந்தது.

மெஷின் தொடங்கியது. இந்தத் தடவை பெரும் இரைச்சல். யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. அவர் காதும் அடைத்திருக்கிறது, தன் காதும் அடைத்திருக்கிறது. இத்தனை வருஷம் தொண்டையில் சிக்கிக் கிடந்ததை இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று ஒடிலிக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாள். முட்டியை அசைக்காமல் வாயை மட்டும் அசைத்தாள்.

மருந்து அடித்த நாளைச் சொன்னாள். வராந்தாச் சுவரைச் சொன்னாள். ஆகஸ்ட்தோறும் கோயிலிலிருந்து வந்து, வீங்கின முட்டியை அவருக்குத் தெரியாமல் வெல்லத் தண்ணீர் காய்ச்சுகிற அடுப்பிலேயே துணியைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டதைச் சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு உரக்கச் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அந்த மெஷினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வரிசைப் படம் முடிந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

"...நீங்க சாகக் கூடாதுன்னுதான்! உங்களுக்காகத்தான் அத்தனை வருஷமும் போனேன்! இந்த முட்டி போச்சுன்னா கறுப்பி உங்களையும் கொண்டு போயிடுவாங்க!"

அவ்வளவும் அமைதியான அறையில், ஹெட்போனையும் தாண்டி, சுவரில் மோதித் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மினோரின் கை அந்தரத்தில் நின்றது. ஒடிலி கண்ணைத் திறந்தாள். ஓல்மன் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக உணர்ந்ததில்லை, அவ்வளவு பயமும் பட்டதில்லை. சொல்லியாகிவிட்டது. எல்லாம் போய்விட்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். ஓல்மன் அவள் தோளை அழுத்தினார்.

"அசையாதீங்க" என்றார். "படம் முடியட்டும்."

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மினோர் தொண்டையைச் செருமினான். "இன்னும்... இன்னும் ஒண்ணுதான். கலர் படம். கொஞ்சம் நீளம்."

இரைச்சல் மறுபடி எழுந்தது. இப்போது ஓல்மன் பேசத் தொடங்கினார். அவர் உதடு அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை, நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்துப் பேசினார். மீசை ஏறி இறங்கியது. நடுவில் ஒரு தடவை கையை நீட்டி யாரிடமோ வாதாடுவது போலிருந்தது, ஒரு தடவை தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சத்தம் ஒடிலியைத் தண்ணீர் போலச் சுமந்தது. கால் நடுங்குவதை எப்போது நிறுத்தியதோ, அவளுக்கே தெரியாது.

படம் சுத்தமாக வந்திருந்தது. டாக்டர் யென்ட்ரி இரண்டு பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். "நீலமும் பச்சையும் நல்ல ஜவ்வு. மஞ்சள், சிவப்பு நொந்து போன ஜவ்வு. கலரே இல்லாத இடத்துல ஜவ்வே இல்லன்னு அர்த்தம்."

ஒடிலி தன் முழங்காலுக்குள் பார்த்தாள். சின்ன ஊர் ஒன்றை மலைமேலிருந்து பார்ப்பது போல இருந்தது. முட்டிச் சில்லுக்குப் பின்னால் நீலமாக ஒரு குளம். கீழே, உள்பக்கம், சிவப்பாக ஒரு சரிவு. சரிவின் முடிவில் ஒன்றுமே இல்லை, எலும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

"மூட்டை மாத்தத்தான் வேணும், டோன்யா ஒடிலி. தள்ளிப் போடறதுல அர்த்தமில்ல."

"ஊர வேண்டாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் ஓல்மன் கரகரத்த குரலில். "வருஷா வருஷம் கோயில்ல ஊர்ந்து ஊர்ந்து முட்டிய அந்தக் கறுப்பியம்மா தின்னுட்டாங்க."

"இல்லையே, டோன் ஓல்மன். முட்டி போட்டா பாரம் இந்தச் சில்லு மேல விழும். அது பாருங்க, நீலமா, நல்லாத்தான் இருக்கு. தேஞ்சது உள்பக்கம், நிக்கும்போது பாரம் இறங்கற இடம். வயசும் ஒரு காரணம்தான். சரிவுல சுமை ஏதும் தூக்குவாங்களா?"

உருளைக்கிழங்கு மூட்டைகள் யாருடைய வயலிலிருந்து, யாருடைய வண்டி வரைக்கும், யார் தோளில் இறங்கின என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஓல்மன் திரையில் இருந்த சிவப்புச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே பனி இன்னும் ஏறிப் போகவில்லை. வண்டியில் இப்போது விசில் இல்லை. ஒடிலிதான் கேட்டாள்.

"அந்தச் சத்தத்துல வாயசைச்சுக்கிட்டே இருந்தீங்களே. என்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உங்ககிட்ட சொல்லல."

"பின்ன? அங்க வேற யார் இருந்தா?"

ஓல்மன் மலைப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. வேலைநாள், கூட்டமில்லை. படியேறி, வாசலைத் தாண்டியதும் தொப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வயலில் மூட்டை இறக்குவது போல முக்கி முனகி, முதலில் ஒரு முட்டியை வைத்தார், பிறகு இன்னொன்றை.

"என்ன பண்றீங்க? இது ஆகஸ்ட் இல்லையே" என்றாள் ஒடிலி பதறிப்போய்.

"ஆகஸ்டுக்கும் வரணும். எனக்காக வாங்கின கடன், இனிமே என் பேர்ல இருக்கட்டும்னு கறுப்பியம்மாகிட்ட பேசியாச்சு. அவங்களும் மறுக்கல." ஒரு முட்டியை முன்னால் நகர்த்தினார். "யப்பா! தரையா இது?" இன்னொன்றை நகர்த்தினார். அதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. நின்று, முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தூண்களும் பெஞ்சுகளும் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கெல்லாம் அப்பால் விரல்நுனி அளவுக்குப் பீடத்தின் வெளிச்சம்.

"இவ்வளவு தூரமா?" என்றார்.

"ஆமா."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம்."

ஓல்மனின் தலை கவிழ்ந்தது, அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். ஒடிலி தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. வராந்தாவில் நின்ற நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயத்தைத் தேடிப் பார்த்தாள், அது அங்கே இல்லை.

"மெதுவா வாங்க" என்றாள். "இடது பக்கம் தரைப்பலகை கொஞ்சம் மேடா இருக்கும். பார்த்து வைங்க."